கொழும்பு–ரொறன்ரோ: பதினாறு மணித்தியாலமா, பதின்மூன்றா?

கேள்வி: 71 வயதான அம்மாவை ஜூலையில் ரொறன்ரோவில் இருக்கும் தங்கச்சியிடம் அனுப்புகிறோம். இணையத்தில் 16 மணித்தியாலப் பயணம் என்று இருக்கிறது. ஏஜென்சிக்காரர் தந்த தாளிலோ அதிகாலை 3 மணிக்கு வெளிக்கிட்டு அதே நாள் பின்னேரம் 4 மணிக்கு இறங்குவதாகப் போட்டிருக்கிறது. 13 மணித்தியாலம்தானா? – வெள்ளவத்தை வாசகி

பதில்: இரண்டும் இல்லை. இருபத்திரண்டரை.

பூமி உருண்டையில் கட்டுநாயக்கவிலிருந்து ரொறன்ரோவுக்கு நூல் பிடித்தால் சுமார் 14,000 கிலோமீற்றர். அதை மணிக்கு 900 கிலோமீற்றர் என்ற வேகத்தால் பிரித்துத்தான் இணையம் 16 என்கிறது. அந்த நூலில் பறக்கிற விமானம் எதுவும் இல்லை. நேரடிச் சேவையே கிடையாது. டுபாய் வழி என்றால் அதுவரை நாலரை, ஐந்து மணித்தியாலம். அங்கிருந்து 14 அளவில். மிச்சம் காத்திருப்பு.

தாளில் உள்ள இரண்டு நேரமும் அந்தந்த ஊர் மணிக்கூடு. ஜூலையில் ரொறன்ரோ நமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால். 13உடன் அதைக் கூட்டுங்கள். அங்கே குளிர்காலத்தில் இந்த வித்தியாசம் பத்தரை. இலங்கை மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளி வைத்திருந்த 1996இலிருந்து 2006வரை ‘புது நேரமா, பழைய நேரமா’ என்று கேட்டுக் களைத்த நமக்கு இது விளங்கும். ஆனால் மொத்த நேரத்தை ஒரு வரியில் எழுத ஏஜென்சிக்காரருக்கு என்ன கை வலியோ! யாழ்ப்பாண பஸ்காரர் கூட எத்தனை மணித்தியாலம் செல்லும் என்று சொல்லித்தான் ஏற்றுவார்.

என் பயம் வேறு. ரிக்கெட் மலிவாக இருக்கிறதா? அது இரண்டு தனி ரிக்கெட்டாக இருக்கலாம். கொழும்பு–சென்னை ஒன்று, சென்னையிலிருந்து இன்னொன்று. அப்படியானால் அம்மா சென்னையில் இறங்கிப் பெட்டியை எடுத்து, வெளியே வந்து மறுபடி கொடுக்க வேண்டும். இந்திய வீசாவும் வேண்டும். முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது கம்பனி திரும்பியும் பார்க்காது. முழுப் பயணமும் ஒரே புக்கிங் இலக்கத்தில் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். கட்டுநாயக்கவில் பெட்டியில் ஒட்டும் துண்டில் ‘வை வை இசட்’ என்ற ரொறன்ரோ எழுத்துகள் இருக்க வேண்டும். வாயால் சொல்வதை நம்பாதீர்கள், அவர் சொந்தக்காரராக இருந்தாலும்.

லண்டன், பிராங்ஃபேர்ட் வழி போனால் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இடைமாறல் வீசா வேண்டும். செல்லுபடியான கனடா வீசா இருந்தால் அந்த வீசா தேவையில்லை, விமான நிலையத்துக்குள்ளேயே மாறுகிறவரை. செல்லுபடியான என்றால் பயண நாளிலும் உயிரோடு இருக்கிற வீசா. தங்கச்சியின் அழைப்புக் கடிதம் வீசா அல்ல. விண்ணப்பித்த பற்றுச்சீட்டும் வீசா அல்ல. ‘வீசா வந்துவிடும், இப்பவே காசைக் கட்டுங்கோ’ என்பவரிடம் கட்டாதீர்கள்.

சக்கர நாற்காலி இலவசம். இரண்டு நாளுக்கு முன்பாவது விமானக் கம்பனியிடம் நீங்களே சொல்லி வையுங்கள். இடைமாறலுக்கு ஒன்றரை மணித்தியாலம் மட்டும் தருகிற ரிக்கெட் அம்மாவுக்கு வேண்டாம். மூன்று இருந்தால் எடுங்கள்.