ஊட்டியில் வெளியில் வளரும் கள்ளிச்செடிகளை உறைபனியிலிருந்து காப்பது எப்படி?

கேட்டிருப்பது இதுதான்: தரையில் நட்ட தூண் கள்ளிகள் சில, தொட்டியில் சிறு கள்ளிகள் நாற்பது. போன ஜனவரியில் பாதி அழுகிவிட்டன. இந்த டிசம்பரில் எதைப் போட்டு மூடலாம்?

மூடுவது இரண்டாவது வேலை. முதல் வேலை ஐப்பசி மழைக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பொலிவியா, பெரு நாடுகளின் மலைகளிலிருந்து வந்த கள்ளிகள் அங்கே பூஜ்யத்துக்குக் கீழே போகும் இரவுகளைச் சாதாரணமாகத் தாங்குகின்றன. காரணம், அங்கே குளிர்காலம்தான் வறண்ட காலம். நீலகிரியில் அப்படி இல்லை. அக்டோபர், நவம்பர் முழுக்க வடகிழக்குப் பருவமழை வேரை ஊறவைக்கிறது. மழை ஓய்ந்து வானம் தெளிந்ததும் முதலில் நீர்ப்பனி, அதன் பின்னாலேயே உறைபனி. தண்ணீர் குடித்துப் புடைத்து நிற்கும் செடிமேல் பனி உறைகிறது. நீர் வற்றிச் சுருங்கிய கள்ளியின் சாற்றில் சர்க்கரையும் உப்பும் செறிந்திருப்பதால் அது 0 டிகிரியில் உறையாது. புடைத்த செடியின் சாறு நீர்த்துப்போயிருக்கும், சீக்கிரம் உறைந்து திசு கிழியும். தப்பித்ததையும் ஈரமண்ணில் வேரழுகல் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே ஆகஸ்ட் முடிவோடு தழைச்சத்து உரத்தை நிறுத்துங்கள். பிஞ்சு வளர்ச்சிதான் பனியில் முதலில் போகும். அக்டோபர் தொடக்கத்தில் 200 மைக்ரான் யூவி பாலித்தீன் ஷீட்டை நான்கு கம்பு நட்டுச் சாய்வாகக் கூரை கட்டுங்கள். நாலு பக்கமும் திறந்தே இருக்கட்டும். காற்று ஓடாவிட்டால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை வரும். தரைச்செடிகளுக்குக் கூரை மட்டும் போதாது. மேட்டிலிருந்து வரும் நீர் அடியில் ஊறாதபடி சுற்றிலும் ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டுங்கள். புதிதாக நடுவதாக இருந்தால் தரைமட்டத்திலிருந்து ஓர் அடி உயர்த்திய பாத்தியில் நடுங்கள். தொட்டிக் கலவையில் பாதிக்கு மேல் 3 முதல் 6 மி.மீ. சல்லி இருக்கட்டும், மீதி செம்மண்ணும் மக்கிய உரமும். தேங்காய் நார்க் கழிவில் வாங்கி வந்த நர்சரிச் செடியை அப்படியே வைத்திருந்தால், மழைக்கு முன் மாற்றிவிடுங்கள். மாற்றும்போதே வேரில் வெள்ளைப் பஞ்சுபோல மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். வறண்ட மண்தான் அதற்குக் கொண்டாட்டம்.

நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரை தண்ணீர் வேண்டாம். செடி சுருங்கும், அரை அங்குலம் மண்ணுக்குள் இறங்கினதுபோலத் தெரியும். பயந்துபோய் ஊற்றிவிடாதீர்கள். இரண்டு அங்குலத்துக்கும் குறைவான நாற்றுகளுக்கு மட்டும் மாதம் ஒருமுறை, வெயிலடிக்கும் காலையில், மண் நனையும் அளவுக்கு. தாவரவியல் பூங்காவில் புல்தரைமீது காலையில் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது புல்லுக்கான வைத்தியம், கள்ளிக்கு ஆகாது.

இனி மூடுவது. உறைபனி மேலிருந்து 'விழுவதில்லை'. தெளிந்த, காற்றில்லாத இரவில் செடியும் தரையும் தங்கள் சூட்டை வானத்துக்கு இழக்கின்றன. அதனால் செடியின் தோல் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். செல்பேசியில் 4 டிகிரி என்று காட்டும் இரவிலும் புல்நுனியில் பனி உறைந்திருப்பது இதனால்தான். குளிர்காற்று கனமானது, பள்ளத்தில் தேங்கும். தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் எல்லாம் முதலில் வெளுப்பதும், மேட்டு வீடுகள் தப்புவதும் அந்தக் கணக்குத்தான். செடி உயரத்தில் ஒரு குறைந்தபட்ச வெப்பமானியைக் கட்டிவைத்தால் உங்கள் தோட்டத்தின் உண்மை தெரியும். முன்னறிவிப்பு 5 டிகிரி அல்லது அதற்குக் கீழ், வானில் மேகம் இல்லை என்றால் அன்று மூட வேண்டும்.

மாலை ஐந்து மணிக்கே, தரையில் சூடு இருக்கும்போதே மூடுங்கள். பழைய போர்வை, கோணிச்சாக்கு, வாழைத்தாருக்குப் போடும் நான்-ஓவன் துணி எதுவும் ஆகும். கம்பு நட்டு அதன்மேல் போட்டு, விளிம்பைத் தரை வரை இறக்கிக் கல் வையுங்கள். செடிக்குக் குல்லாய் போட்டதுபோலத் தண்டோடு சேர்த்துக் கட்டிவிட்டால் பயன் இல்லை. காப்பாற்றுவது துணி அல்ல, தரையிலிருந்து எழும் சூடுதான். பிளாஸ்டிக் ஷீட் தோலைத் தொட்ட இடமெல்லாம் கருகும். பூங்காவில் மலர்ச்செடிகளை மூடும் கோத்தகிரி மிலார் என்ற செடியின் தழை கிடைத்தால் நல்லதுதான், ஆனால் அதை நெருக்கமாகப் போட்டுவிட்டுப் பகலில் எடுக்காமல் விட்டால் கள்ளி வெளிறும். காலை எட்டரை, ஒன்பதுக்குத் துணியை எடுத்துவிடுங்கள். சாயங்காலம் சருகு கொளுத்திப் புகை போடுவது கண் எரிச்சலுக்குத்தான் உதவும்.

தூண் கள்ளியில் உச்சிதான் உயிர். அரிசோனாவில் ஒவ்வொரு உச்சிக்கும் தெர்மோகோல் கப்பைக் கவிழ்த்து வைப்பார்கள். இங்கே 2019 முதல் அந்தக் கப்புக்குத் தடை. பழைய கம்பளிக் காலுறை அதே வேலையைச் செய்யும், ஆனால் நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். மிகக் கடும் இரவுக்குத் துணிக்குள் 40 வாட் குண்டு பல்பு ஒன்று, துணியில் படாமல் ஓர் அடி தள்ளி. எல்இடி போட்டால் வெளிச்சம்தான் வரும், சூடு வராது.

எல்லாவற்றையும் காப்பாற்ற முயலாதீர்கள். ரெபுட்டியா, எக்கினாப்சிஸ், பெரும்பாலான சப்பாத்திக்கள்ளிகள் காய்ந்திருந்தால் போதும், மூடாமலே தாங்கும். மெலோகாக்டஸ், பிரம்ம கமலம் என்ற பெயரில் விற்கும் எபிஃபில்லம், சிவப்பு மஞ்சள் உருண்டை ஒட்டுக்கட்டிய கள்ளி ஆகியவை வீட்டுக்குள் போகட்டும். ஒட்டில் அடித்தண்டு டிராகன் பழக் கொடியின் இனம், அதுதான் முதலில் சாகும். திருகுக்கள்ளியும் சதுரக்கள்ளியும் பால் வடியும் வேறு குடும்பம், அவையும் உள்ளேதான்.

பனி பட்ட இடம் முதல் நாள் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும், பிறகு பழுப்பாகும். உடனே கத்தியை எடுக்காமல் இரண்டு வாரம் பாருங்கள். காய்ந்து தக்கைபோல ஆனால் அது வெறும் தழும்பு. விரலால் அழுத்தினால் குழைந்தால் மட்டும் ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால் வெட்டுங்கள். வெட்டுவாயின் நடுவில் ஒரு வளையம் தெரியும். அதில் ஆரஞ்சோ பழுப்போ ஒரு புள்ளி இருந்தாலும் இன்னும் ஓர் அங்குலம் கீழே வெட்ட வேண்டும், முழு வளையமும் வெளிர்பச்சையாக வரும்வரை. நீர் தேங்காதபடி சாய்வாக வெட்டி, கந்தகத் தூள் தடவிவிடுங்கள். மேலிருந்து வெட்டியெடுத்த நல்ல துண்டை மூன்று வாரம் நிழலில் காயவைத்து, மார்ச்சில் நடலாம்.

கூரையை ஒரே நாளில் பிரிக்காதீர்கள். மாதக்கணக்கில் மறைவில் இருந்த தோல் ஊட்டி பிப்ரவரி வெயிலில் வெளிறிச் சுடும், அந்தத் திட்டு மாறவே மாறாது. பத்து நாள் பச்சை வலைக்குள் வைத்து, பிறகு திறந்துவிட்டு, இரவு 8 டிகிரிக்குக் கீழே போகாத வாரம் வந்ததும் முதல் தண்ணீரைக் கொஞ்சமாக ஊற்றுங்கள்.