துவக்கு யார் கையில்?

கேள்வி: ஐக்கிய அமெரிக்காவில் ஓநாய்கள் பெருகி மான்களை அழிப்பதாகவும், பொறுப்பை வேட்டைக்காரர்களிடம் கொடுத்த பிறகே நிலைமை கட்டுக்குள் வந்ததாகவும் படித்தேன். காட்டை நன்றாக அறிந்தவர்கள் அவர்கள்தானே. நமது மலையகத் தோட்டங்களில் சிறுத்தைக்கும் காட்டுப் பன்றிக்கும் இதே வழியைக் கைக்கொண்டால் என்ன?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: நீங்கள் படித்ததில் பாதி உண்மை. அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் இருந்துகொண்டு வேட்டைக்காரர் என்றாலே முகம் சுளிப்பவர்கள் அதைக் கேட்பதேயில்லை.

அமெரிக்க மாநிலங்களில் வனவிலங்குத் திணைக்களங்கள் நடப்பதே பெருமளவு வேட்டைக்காரர் பணத்தில்தான். இலங்கையில் வனவிலங்குப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்த அதே 1937இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. வேட்டைத் துவக்கு, தோட்டா ஆகியவற்றின் மீது 11 வீத வரி விதித்து, அந்தப் பணத்தை வனவிலங்குப் பணிக்கே ஒதுக்கும் சட்டம் அது. அனுமதிப்பத்திரக் கட்டணம் வேறு. மொண்டானா மாநிலத்தில் ஓநாய்க் கணக்கெடுப்புக்கே வேட்டைக்காரர் உதவுகிறார்கள். பருவம் முடிந்ததும் அதிகாரிகள் அவர்களை அழைத்து, எங்கே எத்தனை ஓநாயைக் கண்டீர்கள் என்று கேட்டு, அந்தத் தகவலைக் கணிப்பில் சேர்க்கிறார்கள். காடு தெரிந்தவர்கள் என்று நீங்கள் சொன்னது சரிதான்.

அவர்களுடைய மனக்குறைக்கும் அடிப்படை உண்டு. 1995இலும் 1996இலும் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து யெலோஸ்டோன் பூங்காவில் விட்டார்கள். அதற்கு முன் பூங்காவின் வடக்குப் பகுதியில் ஏறத்தாழ 19,000 எல்க் மான்கள் இருந்தன. 2013 கணக்கெடுப்பில் 4,000கூடத் தேறவில்லை. அந்த மந்தையை நம்பி வேட்டை வழிகாட்டிகளாகப் பிழைத்தவர்கள் கோபப்பட்டதில் வியப்பில்லை.

ஆனால் மந்தை குறைந்ததற்கு ஓநாய் மட்டும் காரணமல்ல. கரடியும் பூமாவும் பெருகின. 1996–97 குளிர்காலம் கொடியதாக இருந்தது, பிறகு வறட்சி வந்தது. இவற்றோடு, பூங்காவை விட்டு வெளியேறும் பெண் மான்களைச் சுட அனுமதித்த பின்பருவ வேட்டையும் சேர்ந்தது. அந்த ஆண்டுகளில் கொல்லப்பட்ட வளர்ந்த பெண் மான்களின் வயதை ஆராய்ந்தபோது, ஓநாய் கொன்றவற்றின் சராசரி வயது ஏறத்தாழ 14 என்றும் வேட்டைக்காரர் சுட்டவற்றின் சராசரி ஆறரை என்றும் தெரிந்தது. ஓநாய் எடுத்தது கன்றுகளையும் கிழடுகளையும். துவக்கு எடுத்தது, இன்னும் பல ஆண்டுகள் ஈனக்கூடிய தாய்களை. இந்தத் தகவலைச் சொல்லாமல் 19,000, 4,000 என்ற இரண்டு எண்களை மட்டும் காட்டுவது நேர்மையல்ல.

“வேட்டைக்காரர் கருத்து” என்று ஒன்றே ஒன்று இருப்பதுபோல நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. எல்க் வேட்டைக்காரர் ஓநாயைத் தன் போட்டியாளராகப் பார்க்கிறார். விஸ்கான்சினில் நாய்களை விட்டுக் கரடி வேட்டையாடுபவருக்குத் தன் நாய் ஓநாயிடம் சாகிறதே என்ற கவலை. அப்படிச் செத்த நாய்க்கு அந்த மாநிலம் 2,500 டொலர் வரை இழப்பீடு தருகிறது. இன்னொரு சாரார் இருக்கிறார்கள்: ஓநாயையும் மற்ற வேட்டை விலங்கைப் போல ஒரு பருவம், ஓர் எல்லை வைத்துத்தான் சுட வேண்டும், இருட்டில் பார்க்க உதவும் கண்ணாடியும் கம்பிச் சுருக்கும் வேட்டைக்கு இழுக்கு என்பவர்கள். என் மரியாதை இவர்களுக்கே.

இவர்கள் கேட்கும் அந்த எல்லையை வைப்பது எளிதல்ல. குளிர்காலத்தில் பனியில் பதிந்த தடங்கள், ஓநாயின் கழுத்தில் மாட்டிய வானொலி அலைக் கருவி, தானியங்கிக் கெமரா எல்லாவற்றையும் கொண்டு கூட்டங்களை எண்ண வேண்டும். பிறகு வலயம் வலயமாக, இத்தனைதான் என்று வரம்பு போட வேண்டும். சுட்டவர் குறித்த நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். வரம்பு நிறைந்ததும் வலயத்தை மூட வேண்டும். ஓநாய் ஆண்டுக்கு ஒருமுறை நான்கு முதல் ஆறு குட்டிகள் போடும். ஆகவே ஆண்டுக்கு முப்பது வீதம்வரை மனிதரால் கொல்லப்பட்டாலும் அதன் தொகை தாக்குப்பிடிக்கலாம் என்று பல ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். அளவான வேட்டை ஓநாயை ஒழித்துவிடாது என்று வேட்டைக்காரர் சொல்வது இதனால்தான் பொருந்துகிறது. ஆனால் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி கழன்றாலும் அந்தக் கணிப்பு செல்லாது.

2021 பெப்ரவரியில் விஸ்கான்சினில் அதுதான் நடந்தது. மத்திய அரசின் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து ஓநாய் நீக்கப்பட்டவுடன், வேட்டையை நவம்பரில் வைக்கலாம் என்று திணைக்களம் திட்டமிட்டது. வேட்டைக்காரர் அமைப்பொன்று வழக்குப் போட்டு, உடனே நடத்த வேண்டும் என்று நீதிமன்ற உத்தரவு பெற்றது. மொத்த வரம்பு 200. அதில் 81 ஒஜிப்வே பழங்குடியினருக்கு உரியது. அவர்கள் ஓநாயைக் கொல்வதில்லை. எஞ்சிய 119க்கு வழக்கத்தைவிட இரு மடங்கு அனுமதிப்பத்திரம் வழங்கப்பட்டது. புதுப் பனி பெய்திருந்ததால் தடம் பிடிப்பது சுலபமாயிற்று. பெரும்பாலானோர் நாய்களோடு போனார்கள். சுட்டதை அறிவிக்க 24 மணிநேரம், வலயத்தை மூட இன்னொரு 24 மணிநேர முன்னறிவித்தல். இந்த இடைவெளியில் சூடு ஓயவில்லை. மூன்று நாள் முடிவதற்குள் விழுந்தவை 218. அதுவும் இனச்சேர்க்கைக் காலத்தில். பெரும்பாலும் ஒரு கூட்டத்தில் ஈனுவது ஒரே பெண் ஓநாய்தான். பெப்ரவரியில் அது செத்தால் ஏப்ரலில் அந்தக் கூட்டத்துக்குக் குட்டியே இல்லை. 218 என்ற எண்ணில் அந்த இழப்பு அடங்காது.

அறிவிப்புக்கு 24 மணிநேரத்துக்குப் பதில் இரண்டு மணிநேரம் கொடுத்து, அனுமதிப்பத்திரத்தைப் பாதியாக்கி, நாயைத் தவிர்த்து, நவம்பரில் நடத்தியிருந்தால் இவ்வளவு மிஞ்சிப் போயிருக்காது என்றே நினைக்கிறேன். அடுத்த ஆண்டு பெப்ரவரியில் வேறொரு நீதிமன்றம் ஓநாயை மறுபடி பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. ஆக, அவசரப்பட்டவர்களுக்கே வேட்டை இல்லாமல் போயிற்று.

ஓநாயைக் கொன்றால் கால்நடை இழப்பு குறையுமா என்ற கேள்விக்கும் நேரான விடை இல்லை. கொன்ற மறு ஆண்டில் இழப்பு கூடுகிறது என்று 2014இல் ஓர் ஆய்வு வந்தது. அதே தரவை வேறு முறையில் கணித்த மற்றவர்கள் அதை மறுத்தார்கள். எந்தப் பக்கத்தவரும் இதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வாதாடக் கூடாது.

இனி மலையகம். சிறுத்தை ஓநாய் அல்ல. ஓர் ஈற்றில் பெரும்பாலும் இரண்டு குட்டி. அவை ஒன்றரை, இரண்டு ஆண்டு தாயோடு திரியும். அதுவரை அடுத்த ஈற்று இல்லை. ஓநாய்க் கூட்டம் ஓராண்டில் ஈடுகட்டும் இழப்பைச் சிறுத்தை பல ஆண்டுகளாலும் ஈடுகட்டாது. நமது சிறுத்தை இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத உபஇனம். மரையையும் பன்றியையும் தின்று, தோட்டக்காரர் கேட்கும் வேலையை ஏற்கனவே செய்துகொண்டிருப்பதும் அதுதான்.

எண்ணி, வரம்பிட்டு, மூடும் ஏற்பாடு எதுவும் நம்மிடம் இல்லை. இருப்பது கட்டுத்துவக்கு (விலங்கு இடறினால் தானே வெடிக்கும் துவக்கு), ஹக்கபட்டாஸ் (தீனிக்குள் மறைத்து வைக்கும் வெடி), மோட்டார் சைக்கிள் கிளச் கேபிளில் செய்த சுருக்கு. சுருக்குக்கு ஆள் தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணியில் சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தையை உயிரோடு மீட்டுச் சிகிச்சைக்காக உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். சில நாளில் இறந்துவிட்டது. இடுப்பில் கம்பி இறுகியபடி விலங்கு திமிறும்போது உள்ளுறுப்புகள் நசுங்கிவிடும். வெளியே காயம் சிறிதாகத் தெரிந்தாலும் பிழைப்பது அரிது.

பன்றித் தொல்லை உண்மையானது. ஒரே இரவில் ஒரு பாத்தி உருளைக்கிழங்கு போய்விடும். அதற்குச் செய்யக்கூடியது வேலிதான். நிலத்திலிருந்து ஓரடிக்குள் ஒரு கம்பியும் ஒன்றரையடியில் இன்னொன்றுமாக இழுத்து, வேலிக்கென்றே விற்கும் மின்தூண்டல் கருவியைப் பொருத்துங்கள். வீட்டு மின்சாரத்தை நேராகக் கொடுக்கவே கூடாது, அது ஆளைக் கொல்லும். கீழ்க்கம்பியில் புல் தொட்டால் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையாவது புல்லை வெட்ட வேண்டும். வேலி போட்டும் பன்றி வருகிறது என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது. கழித்த மரக்கறியைப் பாத்தி ஓரத்தில் குவிக்காதீர்கள். சுருக்கில் சிறுத்தை மாட்டியிருக்கக் கண்டால் கூட்டம் சேராமல் விலகி நின்று, வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு உடனே அழையுங்கள். மிருக வைத்தியர் வந்து மயக்க ஊசி போடும்வரை யாரும் கம்பியைத் தொட வேண்டாம்.