துக்க வீட்டுத் தீபாவளி

அன்புள்ள அம்மா,

எனக்குப் பெங்களூரில் வேலை. ஊர் பெரியகுளம் பக்கம். ஆனி மாதம் அப்பா தவறிவிட்டார். தீபாவளி நெருங்க நெருங்க நெஞ்சை அடைக்கிறது. தூக்கம் சரியில்லை. அலுவலகத்தில் வேட்டி கட்டிப் படம் எடுக்கக் கூப்பிடுகிறார்கள். மகளுக்குப் பட்டாசு இல்லாமல் எப்படி என்கிறாள் மனைவி. ஆம்னி பஸ் கட்டணமோ கேட்கவே பயமாக இருக்கிறது. அந்த வீட்டைப் பார்க்கத் தெம்பில்லாததால் இந்த வருடம் இங்கேயே இருந்துவிடலாம் என்று நினைக்கிறேன். அம்மா ஊரில் இருக்கிறார். எனக்கு வந்திருப்பது மன அழுத்த நோயா? இதை எப்படிக் கடப்பது?

ஆர்.

அன்புள்ள தம்பி,

எங்கள் தெருவிலும் இந்த ஐப்பசியில் எண்ணெய்ச் சட்டி வைக்காத வீடு ஒன்று இருக்கிறது. அதைக் கடந்துபோகும்போதெல்லாம் மனத்தில் ஓடியதை உங்கள் கடிதம் கிளறிவிட்டது.

வீட்டில் துக்கம், படத்துக்கு வரவில்லை என்று அலுவலகத்தில் சொல்லுங்கள். அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. அரசு சிறப்புப் பேருந்து விடும், அதில் ஏறிக்கொள்ளுங்கள்.

நோயா என்று கேட்கிறீர்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2022-இல் தன் நோய்ப் பட்டியலில் நீடித்த துயரத்தைச் சேர்த்தது. பெரியவர்களுக்கு இறப்பு நடந்து 12 மாதமாவது ஆன பிறகுதான் அந்தப் பெயர் வைக்கலாம் என்றது. நம் வீடுகளிலும் தலைத்திவசம் முடியும்வரை பண்டிகை கிடையாது. ஒரு வருடம் துக்கமாக இருந்துகொள் என்று ஊரே விட்டுவைத்தது. இப்போது மூன்றாம் மாதமே மனத்தை மாற்று என்று துரத்துகிறார்கள். அவர்களுக்காக நீங்கள் சிரிக்க வேண்டாம். ஆனால் தூக்கம் அடியோடு போய், வேலை ஓடாமல், வாழ்ந்து என்ன என்ற எண்ணம் தலைகாட்டினால், துக்கம்தானே என்று இருந்துவிடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸை, 14416-இல், எந்த நேரத்திலும் அழைக்கலாம். கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம்.

இனி என் கோபம். "அம்மா ஊரில் இருக்கிறார்." இவ்வளவு பெரிய கடிதத்தில் அவருக்கு மூன்றே சொல்! பார்க்கவே உங்களுக்குத் தெம்பில்லாத வீட்டில்தான் அவர் தினமும் கண்விழிக்கிறார். கணவர் இல்லாத முதல் தீபாவளியில் நம் ஊர்களில் ஒரு பெண்ணை என்ன பாடு படுத்துவார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா?

எனக்குத் தெரியும். துக்க வீட்டில் பலகாரம் சுடமாட்டார்கள் என்பதால் அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுப்பார்கள். என் அப்பா இறந்த வருடமும் விடிந்ததும் வந்தார்கள். உறவுக்காரப் பெண்மணி ஒருவர், நல்ல நாளில் யார் கண்ணிலும் பட வேண்டாம் என்று அம்மாவைப் பின்கட்டில் உட்காரவைத்துவிட்டு, தானே வாசலில் நின்று வாங்கி வைத்தார். எதிர்வீட்டு அக்கா மட்டும் தூக்குவாளியை அவரிடம் கொடுக்கவில்லை. கூடத்தைத் தாண்டி நேராகப் பின்கட்டுக்குப் போனார். மூடியைத் திறந்து ஓர் அதிரசத்தை எடுத்து அம்மாவின் கையில் வைத்துவிட்டு, தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வாளியை வெறுமனே திருப்பித் தரக் கூடாதே என்று அம்மா எழுந்துபோய் ஒரு பிடி சர்க்கரை போட்டுக் கொடுத்தாள். பல நாட்களுக்குப் பிறகு அவள் யாரும் சொல்லாமல் எழுந்து நடந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பண்டிகையை ஒரு வருடம் நிறுத்திவைப்பது எனக்கு உடன்பாடு. பலகாரம் கொண்டுவருவது அதைவிட உடன்பாடு. அதே வழக்கத்தின் பெயரால் ஒரு பெண்ணை மூலையில் உட்காரவைப்பதை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன். பூ வைக்கலாமா, பொட்டு வைக்கலாமா, சேலை என்ன நிறம் என்று உங்கள் அத்தைமார் அவரை வைத்துக்கொண்டே பேசுவார்கள். பெற்ற மகன் எதிரில் நின்று "அது அம்மாவின் விருப்பம்" என்று ஒருமுறை சொன்னால் பேச்சு அடங்கும். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு செல்போனில் அதைச் செய்ய முடியாது. என்ன உடுத்துவது, யாரைப் பார்ப்பது என்று அவரையே கேளுங்கள். நீங்களாக எதையும் முடிவு செய்யாதீர்கள்.

மகளிடம், தாத்தா இல்லாததால் இந்த வருடம் நம் வீட்டில் பட்டாசு இல்லை என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு போய் வெடிக்கட்டும். முந்தின நாள் மாலையாவது வீடு போய்ச் சேருங்கள். டிக்கெட் எடுத்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.