அயர்லாந்தின் கேரிக்-ஆன்-ஷூர் போன்ற சிற்றூரிலிருந்து ஷான் கெல்லி, சாம் பென்னட் என இவ்வளவு பெரிய சைக்கிள் வீரர்கள் எப்படி வந்தார்கள்?

உள்ளூர் கிளப் பந்தயங்கள்தான் முக்கியக் காரணம் என்பேன். அங்கே ஹேண்டிகேப் முறை வழக்கம்: வேகம் குறைந்தவர்கள் முதலில் கிளம்புவார்கள், தேர்ந்தவர்கள் சில நிமிடம் கழித்துத் துரத்துவார்கள். புதுப் பையனும் ஜெயிக்கலாம். துரத்துகிறவர்களோ மாறி மாறி முன்னால் போய்க் காற்றை எதிர்கொண்டு, கூட்டாக ஓட்டக் கற்கிறார்கள்.

ஷான் கெல்லியின் முதல் பந்தயம் அப்படிப்பட்டதுதான். 1970இல், அதே ஊரில், 8 மைல். 3 நிமிடம் முன்னதாகக் கிளம்பிய அவரைக் கடைசிவரை யாராலும் பிடிக்க முடியவில்லை! பின்னாளில் பிரான்ஸின் பலநாள் பந்தயமான பாரிஸ்-நீஸைத் தொடர்ந்து 7 முறை (1982-88) வென்றார். 2020 டூர் டி பிரான்ஸில் பச்சை ஜெர்சி (புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடிப்பவருக்கானது) வென்ற சாம் பென்னட் வளர்ந்ததும் இங்கேதான்.

நாடளவில், 1953இல் தொடங்கிய பலநாள் பந்தயமான 'ராஸ்' இருக்கிறது. அதில் கவுண்டி (மாவட்டம் போன்ற பகுதி) அணிகள் வெளிநாட்டு அணிகளோடு மோதுகின்றன.