ஐ.நா. சபையால் எந்தப் போரையும் நிறுத்த முடியவில்லையே, அதைக் கலைத்துவிட்டால் என்ன?

கலைக்க வேண்டாம் என்பதுதான் என் பதில். ஆனால் பள்ளிக்கூடக் கட்டுரையில் எழுதுவோமே, 'உலக அமைதியின் காவலன்' என்று, அந்தக் காரணத்துக்காக அல்ல.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் காலையில் ஐந்தாறு பேர் கூடுவோம். எல்லோரும் ஓய்வுபெற்றவர்கள். நாளிதழ் மூன்று, ஆள் ஆறு. அதனால் தாளைப் பிரித்துப் பங்கு போட்டுக்கொள்வது வழக்கம். உலகச் செய்திப் பக்கம் மட்டும் எப்போதும் ஒரு முன்னாள் தலைமையாசிரியரின் கைக்குத்தான் போகும். 2025 செப்டம்பரில், காசாவில் போர்நிறுத்தம் கேட்ட தீர்மானத்தைப் பாதுகாப்பு அவையில் அமெரிக்கா ஆறாவது முறையாகத் தடுத்த செய்தி வந்தது. தாளை மேசைமேல் போட்டார். "பதினான்கு பேர் சரி என்கிறார்கள், ஒருவன் முடியாது என்கிறான். முடியாது என்பவன் ஜெயிக்கிறான். இது ஒரு சபையா? இழுத்துப் பூட்டிவிட்டுப் போகவேண்டியதுதானே!" என்றார். எல்லோரும் தலையாட்டினோம்.

கால் மணி நேரம் போனது. பேச்சு வேறு எங்கெங்கோ சுற்றி, "இந்தியாவுக்கு நிரந்தர இடமும் வீட்டோவும் கொடுத்தே ஆகவேண்டும்" என்று அதே மனிதர் முடித்தார். (வீட்டோ என்பது அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் என்ற ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் ஒருவர் எதிர்த்தாலே பாதுகாப்பு அவையின் தீர்மானம் விழுந்துவிடும் என்ற அதிகாரம்.) அதற்கும் தலையாட்டினோம். வீடு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் எனக்கு உறைத்தது: பூட்டப்போகிற வீட்டில் நமக்கு எதற்கு ஓர் அறை?

அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. நீங்களும் அதையே கேட்டிருப்பதால் எழுதுகிறேன்.

1971 டிசம்பரில், இந்தியா-பாகிஸ்தான் போர் நடந்தபோது, எனக்குப் பன்னிரண்டு வயது. பஞ்சாயத்து வானொலியில் மாலைச் செய்தி ஆரம்பித்தால் தெருவே திண்ணையில் இருக்கும். 'ரஷ்யா வீட்டோ செய்தது' என்று கேட்டதும் அப்பா தொடையில் தட்டிக்கொண்டார். வீட்டோ என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. ஏதோ ஒரு பீரங்கி என்று நினைத்துக்கொண்டேன். அந்த மாதம் சோவியத் ஒன்றியம் மூன்று தடவை அந்தப் பீரங்கியை வெடித்தது. மூன்றும் இந்தியாவுக்காக. 'சண்டையை நிறுத்து, படைகளைத் திருப்பிக்கொள்' என்ற தீர்மானங்களுக்குப் பதினொரு நாடுகள் கை தூக்கின. சோவியத்தும் போலந்தும் எதிர்த்தன. பிரிட்டனும் பிரான்சும் ஒதுங்கிக்கொண்டன.

அதோடு நிற்கவில்லை. பாதுகாப்பு அவையில் வழி அடைபட்டதால் விவகாரம் எல்லா உறுப்பு நாடுகளும் உட்காரும் பொதுச்சபைக்குப் போனது. டிசம்பர் 7 அன்று 104 நாடுகள் போரை நிறுத்தச் சொல்லி வாக்களித்தன. எதிர்த்தவை 11, ஒதுங்கியவை 10. நாம் நிறுத்தினோமா? இல்லை. டிசம்பர் 15 அன்று பாகிஸ்தான் சார்பில் வந்திருந்த பூட்டோ கையிலிருந்த தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டு பாதுகாப்பு அவையிலிருந்து வெளியேறினார். மறுநாள் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. வங்கதேசம் பிறந்தது.

அது சரியான காரியம் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் வந்து குவிந்திருந்தார்கள், அந்தப் பக்கம் நடந்தது படுகொலை. ஆனால் அன்றைய 104-ஐயும், காசாவுக்காக 2023 டிசம்பர் 12 அன்று பொதுச்சபையில் கை தூக்கிய 153-ஐயும், உக்ரைனுக்காக 2022 மார்ச் 2 அன்று கை தூக்கிய 141-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கிறேன். கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது. மூன்றிலும் உலகம் சொன்னதை உரியவர்கள் கேட்கவில்லை. அவற்றில் ஒரு தடவை அந்த உரியவர் நாம். (141-இல் நாம் இல்லை. ஒதுங்கிய 35-இல் இருந்தோம்.)

இன்னும் பத்து வருடம் பின்னால் போனால், போர்ச்சுகல் கையிலிருந்த கோவா. 1961 டிசம்பரில் நம் படை உள்ளே போனதும் மேற்கு நாடுகள் கொண்டுவந்த தீர்மானத்தைத் தடுத்ததும் சோவியத் வீட்டோதான். அன்று நம் பக்கம் நின்று எதிர்த்து வாக்களித்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. அந்த இரவு அமெரிக்கத் தூதர் அட்லாய் ஸ்டீவன்சன், இந்த அமைப்பின் சாவில் முடியக்கூடிய நாடகத்தின் முதல் காட்சி இது என்ற கருத்தில் பேசினார். ஆக, 'ஐ.நா. செத்துவிட்டது' என்ற ஒப்பாரியை ஒரு காலத்தில் நமக்கு எதிராகப் பாடியிருக்கிறார்கள். காஷ்மீர் விவகாரத்தில் 1957-லும் 1962-லும் நமக்குக் கிடைத்த வீட்டோக்களைச் சேர்த்தால் கணக்கு இன்னும் நீளும்.

வீட்டோ யாரும் கவனிக்காமல் விட்ட ஓட்டை இல்லை. அந்தக் கட்டடத்தின் அஸ்திவாரமே அதுதான். 1945-இல் ஐ.நா.வை உருவாக்கச் சான் பிரான்சிஸ்கோவில் கூடியபோது சிறிய நாடுகள் இதை எதிர்த்துக் கடுமையாக வாதாடின. முன்னால் நின்றது ஆஸ்திரேலியா. அப்போது அமெரிக்க செனட்டர் டாம் கானலி சாசன வரைவின் பிரதி ஒன்றை எல்லோர் முன்னும் கிழித்துக் காட்டினார். வீட்டோ இல்லையென்றால் சாசனமே இல்லை, நீங்கள் கிழித்ததாக ஊருக்குப் போய்ச் சொல்லுங்கள் என்பது அதன் பொருள். வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டார்கள். இந்தியாவின் சார்பில் போட்டவர் நம் ஆற்காடு இராமசாமி முதலியார். சுதந்திரமே வராத நாட்டின் பிரதிநிதி. ஆக, 'எங்களை ஏமாற்றிவிட்டார்கள்' என்று சொல்ல முடியாது. தெரிந்தேதான் உள்ளே போனோம்.

வீட்டோவை எடுக்க வேண்டுமென்றால் சாசனத்தைத் திருத்த வேண்டும். திருத்தத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு நாடுகளோடு அந்த ஐந்து நாடுகளும் ஒப்புதல் கொடுக்க வேண்டும். பூட்டின் சாவி பூட்டுக்கு உள்ளே இருக்கிறது. அதனால் 'வீட்டோவை ஒழி' என்ற கோஷத்தில் எனக்கு ஆர்வம் போய்விட்டது.

இன்னொன்று. வீட்டோவே இல்லாமலும் இந்த அவை மனிதர்களைக் கைவிட்டிருக்கிறது. ருவாண்டாவில் 1994 ஏப்ரலில் படுகொலை தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தபோது, அமைதிப்படையை 270 பேராகக் குறைக்கும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அந்த அவையில் அந்த வருடம் ருவாண்டா அரசும் ஓர் உறுப்பினர் என்பதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

2009-ஐப் பற்றி நூலகத்தில் நாங்கள் பேசுவதில்லை. பேசினால் யாராவது எழுந்து போய்விடுவார்கள். அங்கும் வீட்டோ இல்லை, ஏனென்றால் வாக்கெடுப்பே இல்லை. முள்ளிவாய்க்கால் நடந்த மாதங்களில் பாதுகாப்பு அவை இலங்கையைத் தன் முறையான நிகழ்ச்சி நிரலில் ஒரு தடவைகூட வைக்கவில்லை. 'முறைசாராக் கலந்துரையாடல்' என்று பேசிக் கலைந்தார்கள். அதற்கு முன்பே, 2008 செப்டம்பரில், வன்னியிலிருந்து ஐ.நா. தன் வெளிநாட்டு ஊழியர்களை வெளியே எடுத்துவிட்டது. போகாதீர்கள் என்று கிளிநொச்சி அலுவலக வாசலில் மக்கள் மன்றாடினார்கள். 40,000 பேர் வரை இறந்திருக்கக்கூடும் என்று பொதுச்செயலர் அமைத்த நிபுணர் குழு 2011-இல் சொன்னது. அடுத்த வருடம் சார்லஸ் பெட்ரி தலைமையிலான உள்விசாரணை, ஐ.நா. தன் பொறுப்பில் தோற்றது என்று எழுத்தில் ஒப்புக்கொண்டது.

இந்த ஒரு விஷயத்தில் ஐ.நா. அதிகாரிகளை என்னால் மன்னிக்க முடியவில்லை. அவர்களிடம் இறந்தவர்களின் எண்ணிக்கை இருந்தது, வெளியே சொல்லவில்லை. வாய் திறப்பதற்கு எந்த வல்லரசின் வாக்கும் தேவைப்பட்டிருக்காது. ஆனால் போர் முடிந்த சில நாளில், மே 27 அன்று, ஜெனீவாவில் மனித உரிமை அவை கூடி இலங்கை அரசுக்குச் சாதகமான ஒரு தீர்மானத்தை 29 வாக்குகளில் நிறைவேற்றியதே, அந்த 29-இல் இந்தியாவும் ஒன்று. 'ஐ.நா. துரோகம் செய்தது' என்று எழுதும்போது இந்த வரியையும் சேர்த்து எழுத வேண்டும். ஐ.நா. என்று தனியாக ஓர் ஆள் அந்தக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. கை தூக்குவதும் தூக்காததும் அரசுகள். திட்டு மட்டும் கட்டடத்துக்குப் போகிறது. அரசுகளுக்கு இதைவிட வசதி வேறு என்ன இருக்கிறது?

பிறகு ஏன் கலைக்க வேண்டாம் என்கிறேன்? எங்கள் ஊரில் பங்காளிகள் இருவர் வரப்புத் தகராறில் அரிவாள் வரைக்கும் போனார்கள். பத்து நாளில் இருவருக்குமே போதும் என்று ஆகிவிட்டது. ஆனால் யார் முதலில் இறங்குவது? ஊர்ப் பெரியவர்கள் கோயில் மண்டபத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அந்தப் பெரியவர்களுக்கு ஒரு அதிகாரமும் கிடையாது, போலீஸும் கிடையாது. "பெரியவர்கள் சொன்னார்கள், அதற்காக விடுகிறேன்" என்று இருவரும் சொல்லிக்கொள்ள அவர்கள் உதவினார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்த வேலை. அது இல்லாமல் இருந்திருந்தால் ஒரு கொலை விழுந்திருக்கும்.

1956-இல் சூயஸ் கால்வாயில் நடந்தது கிட்டத்தட்ட இதுதான். எகிப்தின்மேல் பாய்ந்த பிரிட்டனும் பிரான்சும் பாதுகாப்பு அவையில் தங்கள் வீட்டோவையே போட்டுத் தங்களைக் காப்பாற்றிக்கொண்டன. விவகாரம் பொதுச்சபைக்குப் போனது. உண்மையில் அவர்களைப் பணியவைத்தது அமெரிக்கா; பவுண்டின் மதிப்பு சரிந்துகொண்டிருந்தபோது கைகொடுக்க மாட்டேன் என்றது. ஆனால் தோற்றுவிட்டோம் என்று சொல்லி எந்த அரசும் கப்பல் ஏறாது. கனடாவின் லெஸ்டர் பியர்சன் ஐ.நா. அவசரப்படை என்ற யோசனையைக் கொண்டுவந்தார். நம் சிப்பாய்களும் அந்தப் படையில் போனார்கள். 'ஐ.நா. படை வந்துவிட்டது, எனவே நாங்கள் புறப்படுகிறோம்' என்று சொல்லிக்கொண்டு அந்த டிசம்பருக்குள் இரண்டு வல்லரசும் மூட்டையைக் கட்டின. போரை நிறுத்துவது வேறு, நிறுத்த நினைப்பவனுக்கு மானத்தோடு வெளியேற ஒரு வாசல் திறந்து வைப்பது வேறு. முதலாவதை ஐ.நா.விடம் கேட்டு ஏமாறுகிறோம். இரண்டாவதை அது அவ்வப்போது நன்றாகவே செய்திருக்கிறது.

2022 ஜூலையில் இஸ்தான்புல்லில் நடந்ததும் அப்படியே. போருக்கு நடுவே தானியக் கப்பல்களுக்கு வழிவிடும் ஒப்பந்தம் அது. ரஷ்யாவும் உக்ரைனும் ஒரே தாளில் கையெழுத்துப் போடச் சம்மதிக்கவில்லை. ஐ.நா.வும் துருக்கியும் நடுவில் நின்று, ஆளுக்கொரு தாளில் தனித்தனியே வாங்கின. ஒரு வருடத்தில் கருங்கடல் வழியாக ஏறத்தாழ 3.3 கோடி டன் தானியமும் எண்ணெய்வித்துப் பொருட்களும் வெளியே வந்தன. பிறகு ரஷ்யா விலகிக்கொண்டது. அந்த ஒரு வருடம் வந்தது வந்ததுதானே. சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறியபோது நம் வீட்டுச் சமையலறையில் நடந்த பேச்சு நினைவிருக்கிறதா?

பணம் வீண் என்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஐ.நா.வின் வழக்கமான ஆண்டு வரவுசெலவு 2025-இல் சுமார் 372 கோடி டாலர். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். அதாவது மெட்ரோ செலவில் ஐ.நா.வை ஏறத்தாழ இரண்டு வருடம் நடத்தலாம். (அமைதிப்படைக்கும் உணவுத் திட்டம் போன்றவற்றுக்கும் தனிக் கணக்கு. அதைச் சேர்த்தால் தொகை பெரிது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

சென்னை என்றதும் இதையும் சொல்ல வேண்டும். என் பெரியம்மாவுக்குக் காசநோய் வந்தபோது வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டுக் குணமானார். அதற்கு முந்தைய தலைமுறையில் நோயாளியை மாதக்கணக்கில் சானடோரியத்தில் கொண்டுபோய் விட வேண்டும். வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம், அதனால் வீட்டாருக்குக் கூடுதல் ஆபத்தும் இல்லை என்று உலகத்துக்கு நிரூபித்த ஆய்வு 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய மையத்தில் நடந்தது. சென்னை மாநில அரசு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், இவற்றோடு ஐ.நா.வின் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து அமைத்த மையம் அது. கலைக்கச் சொல்கிறவர்கள் பாதுகாப்பு அவையை மட்டும் மனத்தில் வைத்துச் சொல்கிறார்கள். கலைத்தால் போவது இந்த மாதிரியான வேலைதான். வல்லரசுகளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை; அணுகுண்டும் விமானந்தாங்கிக் கப்பலும் அவர்களிடம் அப்படியேதான் இருக்கும்.

செய்யக்கூடியது ஏதாவது உண்டா என்றால், சின்னதாக ஒன்று நடந்திருக்கிறது. உக்ரைன் போரைத் தொடர்ந்து 2022 ஏப்ரலில், லீச்டென்ஸ்டைன் என்ற குட்டி நாடு முன்னின்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தது: யார் வீட்டோ போட்டாலும் பத்து வேலை நாளுக்குள் பொதுச்சபை கூடி அதை விவாதிக்க வேண்டும். பல்லில்லாத விதி என்று சிரிக்கலாம். ஆனால் பிரிட்டனும் பிரான்சும் 1989-க்குப் பிறகு ஒரு வீட்டோகூடப் போடவில்லை. உரிமை போய்விட்டதா? இல்லை, போட்டால் ஊர் கேட்கும் என்ற கூச்சம். அந்தக் கூச்சம் மாஸ்கோவுக்கும் வாஷிங்டனுக்கும் வருமா என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லைதான். இந்தியாவுக்கு நிரந்தர இடம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வீட்டோ வேண்டாம் என்று நாமே முதலில் சொல்லிவிட்டுக் கேட்டால் அந்தக் கேள்வியின் எடையே வேறு.

இதையெல்லாம் போன வாரம் தலைமையாசிரியரிடம் சொன்னேன். 1971-க்கு வந்ததும் இடைமறித்தார்.

"அது வேறு தம்பி, இது வேறு."

"எப்படி ஐயா?"

"அன்றைக்கு நம் பக்கம் நியாயம் இருந்தது."

"அவர்களும் அதையேதான் சொல்லுகிறார்கள்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "எத்தனை நாடு என்றாய்? நூற்று நான்கா?" என்றார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, உலகச் செய்திப் பக்கத்தின் ஓரத்தில் 104 என்று எழுதி வட்டம் போட்டார்.

"நூலகத் தாளில் எழுதக் கூடாது ஐயா" என்று நூலகர் தன் மேசையிலிருந்தே குரல் கொடுத்தார்.