கம்ப்யூட்டர் சந்தேகமா? கேளுங்க!

கே: கோயில் மலருக்காக 2004-இல் டைப் செய்த கட்டுரைகளை, மகன் வாங்கித் தந்த புது லேப்டாப்பில் திறந்தால் ஒரே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருக்கிறது. வைரஸா?
- ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்

ப: வைரஸ் அல்ல ஐயா, லேப்டாப்பில் அந்தக் கட்டுரைகளின் ஃபான்ட் (எழுத்துரு) இல்லை, அவ்வளவுதான். 'அம்மா' இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வரிசையாக நிற்கிறதா? அப்படியானால் அது பாமினி என்ற ஃபான்ட். நானும் டி.டி.பி. கடையில் பேஜ்மேக்கரோடு காலம் தள்ளியவன். அந்த வரிசையை எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோட் பரவுவதற்கு முன் வந்த ஃபான்ட்களில் பல, ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வேஷம் கட்டியவை. ஃபான்ட் இல்லாத கணினியில் வேஷம் கலைந்துவிடும்.

படிக்க மட்டும் போதுமென்றால், பழைய கணினியில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரிலிருந்து பாமினியை பென் டிரைவில் எடுங்கள். லேப்டாப்பில் அதன்மேல் ரைட் கிளிக் செய்து 'இன்ஸ்டால்' கொடுங்கள். முடிந்தது.

வாட்ஸ்அப்பில் அனுப்பவோ, ஒரு சொல்லைத் தேடி எடுக்கவோ வேண்டுமென்றால் யூனிகோடுக்கு மாற்றத்தான் வேண்டும். அதற்கான என்.எச்.எம். கன்வர்ட்டர் என்ற மென்பொருள் இலவசம். ஆனால் மூல ஃபைலின் பிரதி ஒன்றைத் தனியே வைத்துக்கொண்டு தொடங்குங்கள். கட்டுரையின் நடுவே உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால், கன்வர்ட்டர் அதையும் தமிழாக்கித் தொலைக்கும். நன்கொடையாளர் பட்டியலில் இன்ஷியல்களை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். மலரில் சண்டை வருவதே அங்கேதான்!

இனி டைப் செய்ய என்.எச்.எம். ரைட்டர் என்ற மென்பொருளைப் போட்டுக்கொண்டால், பாமினி விசை அமைப்பிலேயே யூனிகோடில் அடிக்கலாம். தமிழ் 99 என்ற இன்னொரு விசை அமைப்பு, விண்டோஸ் 10-இன் 2019 மே அப்டேட்டிலிருந்து உள்ளேயே இருக்கிறது. மாறச் சொல்லலாம்தான், பழகிய விரல்களோடு எனக்கு எதற்கு வம்பு?

கே: ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஒரு பிரின்ட் மாட்டிக்கொண்டால் பின்னால் வரும் எல்லாமே நிற்கிறது. கேன்சல் கொடுத்தால் 'டெலிட்டிங்' என்றே காட்டிக்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் ஹால் டிக்கெட்டுக்காக வரிசையில் நிற்கிறார்கள்.
- வாசகி, அறந்தாங்கி

ப: பிரின்டர்மேல் பழி போடாதீர்கள். ஸ்டார்ட் மெனுவில் 'சர்வீசஸ்' என்று தேடித் திறந்து, பிரின்ட்களை வரிசையில் நிறுத்தி அனுப்பும் 'பிரின்ட் ஸ்பூலர்'மேல் ரைட் கிளிக் செய்து 'ஸ்டாப்' கொடுங்கள். பிறகு சி டிரைவ், விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரின்டர்ஸ் என்று உள்ளே போய், அங்கே கிடக்கும் ஃபைல்களை மட்டும் அழியுங்கள். ஃபோல்டரைத் தொட வேண்டாம். திரும்பி வந்து ஸ்பூலரை 'ஸ்டார்ட்' செய்யுங்கள். வரிசையில் இருந்த மற்ற பிரின்ட்களும் போய்விடும், அவற்றை மறுபடி கொடுக்க வேண்டும்.

கே: டெஸ்க்டாப்பை ஆன் செய்யும்போதெல்லாம் பழைய வருடத்தைக் காட்டுகிறது. பேங்க் தளம் 'இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்கிறது. கடைக்காரர் ஃபார்மட் செய்யச் சொல்கிறார்.
- வாசகர், ராஜபாளையம்

ப: ஃபார்மட் செய்தாலும் தேதி ஓடாது. மதர்போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். பெரும்பாலும் சிஆர் 2032. வாட்ச் கடையிலேயே கிடைக்கும். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு மாற்றி, தேதியைச் சரிசெய்யுங்கள். இணையதளச் சான்றிதழ்களுக்குக் காலக்கெடு உண்டு. உங்கள் கணினி பழைய வருடத்தில் நின்றால், நல்ல சான்றிதழும் அதற்குச் செல்லாது.

கே: திரையின் ஓரத்தில் 'உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்' என்று அடிக்கடி வருகிறது. ஆன்ட்டி வைரஸ் வாங்கட்டுமா?
- கல்லூரி மாணவி, தர்மபுரி

ப: வேண்டாம். விண்டோஸிலேயே டிஃபெண்டர் என்ற ஆன்ட்டி வைரஸ் இருக்கிறது. இது, ஏதோ ஒரு தளம் கேட்டபோது நீங்கள் 'அலோ' (அனுமதி) அழுத்தியதால் வரும் விளம்பரமாகத்தான் இருக்கும். குரோம் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'சைட் செட்டிங்ஸ்', 'நோட்டிஃபிகேஷன்ஸ்' என்று போய், பெயர் தெரியாத தளங்களையெல்லாம் நீக்குங்கள். அந்த விளம்பரத்தை அழுத்திப் பணம் ஏதும் கட்டிவிடவில்லையே? கட்டியிருந்தால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு போன் செய்யுங்கள்.