டியூப் ஹெட்போன் ஆம்ப்: உட்காருவதெல்லாம் ஒத்துப்போகுமா? (கேள்வி பதில்)

டியூப் ஹெட்போன் ஆம்ப், அதாவது கண்ணாடி வெற்றிடக் குழாய்களால் சிக்னலைப் பெருக்கி ஹெட்போனை ஓட்டும் சாதனம், வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பாதிக்கு மேல் "எந்த டியூப் நல்லது?" என்ற வகை. அதற்கு முன்னால் "என் ஆம்ப் எந்த டியூபைத் தாங்கும்?" என்று கேட்க வேண்டும் என்பது என் கட்சி. ஹீட்டர் (டியூபைச் சூடாக்கும் இழை) கரண்ட் முதலில், சர்க்யூட் அடுத்தது, கண்ணாடியில் அச்சடித்த பெயர் கடைசி. பதில்களும் அந்த வரிசையில்தான் போகும்.

கேள்வி: அண்ணா, என் ஆம்பில் 6டிஜே8 இருக்கிறது. 6922, 6என்1பி, 12ஏயூ7 எல்லாமே ஒன்பது பின்தான். எதை வைத்தாலும் சாக்கெட்டில் உட்காருகிறது. போடலாமா?

உட்காருவது வேறு, ஒத்துப்போவது வேறு தம்பி. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

6டிஜே8-க்கு, அதாவது ஈசிசி88-க்கு, ஹீட்டரில் 6.3 வோல்ட், 365 மில்லிஆம்பியர் வேண்டும். 6922-க்கு 300 போதும். அதனால் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பாரம் அதிகமாகாது. 6டிஜே8-இன் பிளேட் (எலக்ட்ரான்களை வாங்கும் தகடு) தாங்குவது 130 வோல்ட், 6922 தாங்குவது 220. எனவே 6டிஜே8 இருந்த இடத்தில் 6922-ஐ தைரியமாகப் போடலாம். திருப்பிப் போடும்போதுதான் யோசனை வேண்டும். 6922-க்காகவே வடிவமைத்த ஆம்பில் பிளேட் வோல்டேஜ் 130-க்கு மேல் இருந்தால் சாதாரண 6டிஜே8 சீக்கிரம் தளர்ந்துவிடும்.

6என்1பி ஹீட்டர் மட்டும் 600 மில்லிஆம்பியர் குடிக்கும். முதல் நாள் பாட்டு நன்றாகவே வரும். ஆனால் டிரான்ஸ்ஃபார்மரும் ரெகுலேட்டரும் உள்ளே வெந்துகொண்டிருக்கும். தயாரிப்பாளர் "போடலாம்" என்று சொல்லியிருந்தால் ஒழிய வேண்டாம்.

12ஏயூ7 கூடவே கூடாது. அதன் ஹீட்டர் 4, 5 பின்களுக்கு இடையில் 12.6 வோல்ட் கேட்கும். ஒன்பதாவது பின் அந்த ஹீட்டரின் நடுமுனை. 6டிஜே8-இலோ ஒன்பதாவது பின் உள்ளே இருக்கும் தடுப்புத் தகட்டுக்குப் போகிறது. சில ஆம்புகளில் இரண்டு வகைக்கும் ஜம்பர் அல்லது சுவிட்ச் வைத்திருப்பார்கள். அப்படி இருந்தால் மாற்றிவிட்டுப் போடுங்கள்.

கேள்வி: 6எஸ்என்7-க்குப் பதில் 6எஸ்எல்7? பின் வரிசை ஒன்றுதானே?

பின் வரிசை ஒன்றுதான், ஹீட்டர் கரண்ட்டும் பாதிதான். ஆனால் 6எஸ்என்7-இன் பெருக்கம் 20, 6எஸ்எல்7-இன் பெருக்கம் 70. வால்யூம் குமிழை லேசாகத் தொட்டாலே காது அடைக்கும், பயாஸும் (டியூப் எவ்வளவு கரண்ட்டில் நிற்க வேண்டும் என்ற அமைப்பு) பொருந்தாது. எதுவும் எரியாது. ஆனால் கேட்க நன்றாகவும் இருக்காது.

கேள்வி: ஐயா, புதிதாக ஓடிஎல் ஆம்ப் வாங்கினேன். என் 32 ஓம் ஹெட்போனில் பாஸே இல்லை, சத்தம் சப்பென்று இருக்கிறது. டியூப் மாற்றினால் சரியாகுமா?

ஆகாது. எவ்வளவு விலை உயர்ந்த டியூப் போட்டாலும் ஆகாது.

ஓடிஎல் என்றால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வடிவம். டியூபுக்கும் ஹெட்போனுக்கும் நடுவே ஒரு கெபாசிட்டர் மட்டும் நின்று டிசியைத் தடுக்கிறது. அந்தக் கெபாசிட்டரும் ஹெட்போனின் ஓமும் சேர்ந்துதான் பாஸ் எங்கே சரியத் தொடங்கும் என்று முடிவு செய்கின்றன. கெபாசிட்டர் 100 மைக்ரோஃபேரட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 ஓம் ஹெட்போனுக்கு அந்த எல்லை சுமார் 5 ஹெர்ட்ஸ், காதுக்கே எட்டாத இடம். 32 ஓமுக்கு அதே எல்லை 50 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். உங்கள் பாஸ் அங்கேதான் போயிற்று.

இரண்டாவது சிக்கல், இந்த வகை ஆம்பின் சொந்த அவுட்புட் இம்பிடன்ஸ், அதாவது சிக்னலுக்கு அது காட்டும் தடை, பல பத்து ஓம்கள், சிலவற்றில் நூறைத் தாண்டும். 32 ஓம் ஹெட்போனை மாட்டினால் சிக்னலில் பெரும்பகுதி ஆம்புக்குள்ளேயே தொலைகிறது. ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் ஆம்பின் இம்பிடன்ஸ் இருக்கக் கூடாது என்று ஒரு பழைய கணக்கு உண்டு. நான் அதைக் கண்டிப்பாகப் பிடித்துக்கொள்வதில்லை, ஆனால் உங்கள் நிலைமை அதிலிருந்து ரொம்ப தூரம்.

ஹெட்போனை மாற்ற மனமில்லை என்றால், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்ப் அல்லது ஹைப்ரிட் (டியூபும் டிரான்சிஸ்டரும் சேர்ந்த ஆம்ப்) பக்கம் போங்கள். ஓடிஎல் வைத்துக்கொள்ளத்தான் ஆசை என்றால் 300 அல்லது 600 ஓம் ஹெட்போன் ஒன்று தேடுங்கள்.

கேள்வி: சென்ஹைசர் எச்டி 650-ஐ ஓடிஎல்லில் கேட்டால் "சூடான" ஒலி வருகிறது என்கிறார்கள். அது டியூபின் மாயமா?

கொஞ்சம் டியூப், நிறைய ஓம் விதி. அந்த ஹெட்போன் பெயருக்கு 300 ஓம். ஆனால் 100 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் அதன் இம்பிடன்ஸ் 500 ஓம் அளவுக்கு ஏறுகிறது. ஆம்பின் அவுட்புட் 100 ஓம் என்றால், அந்த இடத்தில் மற்ற இடங்களைவிட ஏறக்குறைய 0.9 டெசிபெல் கூடுதலாகக் கிடைக்கும். மேல்பாஸ் லேசாகப் புடைத்து நிற்கும். இதோடு டியூப் சேர்க்கும் இரண்டாம் ஹார்மானிக்கும் (மூல அதிர்வெண்ணின் இரு மடங்கு) கைகோத்துக்கொள்கிறது. இனிமையாகத்தான் இருக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தப் பெருமையை ஒரு குறிப்பிட்ட பிராண்ட் டியூபுக்கு மட்டும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஹெட்போனில் "ம்ம்ம்" என்று ஹம். பாட்டு நின்றால் எரிச்சலாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

வால்யூமைப் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். ஹம் மறைந்தால் அது வெளியிலிருந்து, இன்புட் வழியாக வருகிறது. மறையாவிட்டால் ஆம்புக்குள்ளே பிறக்கிறது. இந்த ஒரு சோதனை பாதி வேலையை முடித்துவிடும்.

வெளியிலிருந்து என்றால் இன்புட் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். அதில் ஹம் போனால் கிரவுண்ட் லூப், அதாவது சாதனங்களின் எர்த் இணைப்புகள் சேர்ந்து வளையமாவது. ஆம்பையும் டாக்கையும் (டிஜிட்டலை ஒலி சிக்னலாக மாற்றும் பெட்டி) ஒரே பிளக் பலகையில் இருந்து எடுப்பது பல நேரம் குணமாக்கும். சிலர் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிட்டு "ஹம் போச்சு" என்று சந்தோஷப்படுவார்கள். உலோகப் பெட்டிக்குள் முந்நூறு வோல்ட் இருக்கும் சாதனத்தில் அதைச் செய்வது தற்கொலை முயற்சிக்குச் சமம். வேண்டவே வேண்டாம்.

உள்ளே என்றால் டியூபை மாற்றிப் பாருங்கள். ஹீட்டரிலிருந்து கேத்தோடுக்கு (எலக்ட்ரான்களை வெளிவிடும் பகுதி) கசிவு உள்ள டியூப் ஹம் போடும். டியூப் மாற்றியும் இருந்தால் சுருதியைக் கவனியுங்கள். வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால், 50-இல் வரும் தடித்த ஹம் ஹீட்டர் ஒயர் அல்லது டிரான்ஸ்ஃபார்மரிடமிருந்து. 100-இல் வரும் சற்றுக் கூரான ஹம், ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையருக்குப் பின்னால் உள்ள ஃபில்டர் கெபாசிட்டர்கள் வற்றிவிட்டதைச் சொல்கிறது. 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் அது 120. "ட்ர்ர்ட் ட்ர்ர்ட்" என்று விட்டுவிட்டு வந்தால் அது ஹம்மே இல்லை, பக்கத்தில் கிடக்கும் செல்போன்.

கேள்வி: இடது பக்கம் மட்டும் கரகரப்பு. டியூப் போய்விட்டதா?

சேனலுக்கு ஒரு டியூப் என்றால் ஆம்பை அணைத்து, ஆறவிட்டு, இரண்டையும் இடம் மாற்றுங்கள். கரகரப்பு வலது பக்கம் போனால் டியூப்தான். இடதிலேயே நின்றால் சாக்கெட், ரெசிஸ்டர், சாலிடர் எதுவோ. பாதி நேரம் சாக்கெட்டில் படிந்த அழுக்குதான் காரணம். அணைத்த ஆம்பில் டியூபைச் சில முறை செருகி எடுத்தாலே துப்புரவாகிவிடும், போகாவிட்டால் கான்டாக்ட் கிளீனர். வால்யூம் குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் டியூபின் மேல் பழி போடாதீர்கள், அது குமிழுக்குப் பின்னால் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர்.

டியூபைத் தட்டினால் "டிங்" என்று ஹெட்போனில் கேட்கிறது என்று வேறு இருவர் எழுதியிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் கிரிட் அதிர்கிறது, அவ்வளவுதான். கொஞ்சம் எல்லா டியூபிலும் உண்டு. தட்டாமலே, மேசையில் கை வைத்தாலே கேட்டால் அந்த டியூபை இன்புட் ஸ்டேஜிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கேள்வி: டியூபுக்குள் நீல ஒளி தெரிகிறது. பயப்பட வேண்டுமா?

கண்ணாடியின் உட்புறத்தை ஒட்டி நீலம் படர்ந்திருந்தால் பயமில்லை. எலக்ட்ரான்கள் கண்ணாடியில் மோதுவதால் வருவது அது. நடுவில், தகடுகளுக்கு இடையே ஊதாவோ இளஞ்சிவப்போ மிதந்தால் உள்ளே வாயு புகுந்திருக்கிறது, கழற்றிவிடுங்கள். சுவிட்ச் போட்டவுடன் ஒரு கணம் பளீரென்று மின்னுவது சில ஐரோப்பிய ஈசிசி வகைகளின் சுபாவம். பிளேட் செந்நிறமாகப் பழுத்தால் உடனே அணையுங்கள். அங்கே குற்றவாளி பெரும்பாலும் பயாஸ் அல்லது கசியும் கப்ளிங் கெபாசிட்டர் (ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குச் சிக்னலைக் கடத்துவது). புது டியூப் போட்டால் அதுவும் பழுக்கும். உச்சியில் இருக்கும் வெள்ளிப் பூச்சு பால்வெள்ளையாக மாறியிருந்தால் காற்று நுழைந்துவிட்டது, அந்த டியூபின் கதை முடிந்தது.

கேள்வி: என் ஆம்பின் ஃபில்டர் கெபாசிட்டர் உப்பியிருக்கிறது. நானே மாற்றலாமா? சாலிடர் செய்யத் தெரியும்.

சாலிடர் தெரிவது போதாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கெபாசிட்டரில் முழு வோல்டேஜ் தேங்கி நிற்கலாம். பல ஆம்புகளில் அது 150 முதல் 300 வோல்ட் வரை. பிளக்கைப் பிடுங்கி, சில நிமிடம் விட்டு, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து கெபாசிட்டரின் இரு முனையிலும் அளந்து பாருங்கள். மிச்சம் இருந்தால் 4.7 கிலோ ஓம், 5 வாட் அல்லது அதற்கு மேற்பட்ட ரெசிஸ்டரை நன்றாக இன்சுலேட் செய்த கிளிப்பால் குறுக்கே மாட்டினால் சில வினாடிகளில் இறங்கிவிடும். மறுபடி அளந்த பிறகே கை வையுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் வித்தையை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். பொறி பறக்கும், கெபாசிட்டரும் கெடும். உள்ளே தொடும்போது இன்னொரு கை பெட்டியின் மேல் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிய கெபாசிட்டரின் வோல்டேஜ் மதிப்பு பழையதற்குக் குறையக் கூடாது, வெப்ப மதிப்பு 105 டிகிரி இருக்கட்டும். பிளஸ், மைனஸை இருமுறை பாருங்கள். படித்துவிட்டு "இது நமக்கு ஆகாது" என்று தோன்றினால் தெரிந்தவரிடம் கொடுங்கள், அதில் வெட்கம் எதுவும் இல்லை.

கேள்வி: எவ்வளவு காலம் உழைக்கும்? நாள் முழுக்க ஆன் செய்து வைக்கலாமா?

சின்ன சிக்னல் டியூப்கள் பொதுவாக 5,000 முதல் 10,000 மணி நேரம். தினம் நாலு மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 1,460 மணி. நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். அவுட்புட்டில் உழைக்கும் 6ஏஎஸ்7ஜி போன்றவை அதற்கு முன்பே தளரும். அதன் ஹீட்டர் மட்டும் 2.5 ஆம்பியர், பதினாறு வாட்டுக்குப் பக்கம் வெறும் சூடு. கேட்காதபோது அணைத்துவிடுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை அணைத்துப் போடுவதும் வேண்டாம். ஓடிஎல் என்றால் ஆன் செய்து ஒரு நிமிடம் கழித்து ஹெட்போனை மாட்டுவது நல்ல பழக்கம். கெபாசிட்டர் நிறையும்போது ஒரு உதை வரும்.

கேள்வி: பழைய ஸ்டாக் டியூப் வாங்குகிறேன். போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

பெட்டியையும் பெயரையும் நம்பாதீர்கள். அன்றைக்கே கம்பெனிகள் ஒருவர் செய்ததை வாங்கித் தங்கள் பெயரை அச்சடித்து விற்றன, அதில் மோசடி இல்லை. இன்று பழைய பெயரைப் புது அச்சில் போடுவதுதான் மோசடி. பிளேட்டின் வடிவம், கெட்டர் வளையம் (வெள்ளிப் பூச்சு வருவது அதிலிருந்துதான்), உள்ளே தகட்டைத் தாங்கும் மைக்கா ஆகியவற்றை நம்பகமான படங்களோடு ஒப்பிடுங்கள். பிலிப்ஸ் குழும டியூப்களில் கண்ணாடியின் அடியில் மங்கலாக ஒரு குறியீடு பொறித்திருக்கும். அதில் இரண்டாம் வரி ‘பி’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கினால் முல்லார்டின் பிளாக்பர்ன் தொழிற்சாலை. விற்பவரிடம் அளவீட்டைக் கேளுங்கள். இந்த வகை டியூபின் ஒரே கண்ணாடிக்குள் இரண்டு பாதிகள் தனித்தனியாக வேலை செய்வதால், இரண்டுக்கும் தனித்தனியாக. இன்னொன்று, வாங்கியதும் ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள். அசல் அச்சு விரல் பட்டாலே அழியும்.

எனக்குக் கேட்டால், முதல் மாற்று டியூப் இன்றைய தயாரிப்பாகவே இருக்கட்டும். ஸ்லோவாக்கியாவின் ஜேஜே, ரஷ்யாவின் சராத்தோவில் செய்யும் எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் இரண்டும் ஒழுங்கானவை. கையில் ஒரு நல்ல உதிரி இருந்தால்தான் மேலே சொன்ன சோதனைகளையே செய்ய முடியும்.

கேள்வி: கண்ணாடியை விரலால் தொட்டால் வெடித்துவிடுமா?

வெடிக்காது. அது ஹாலஜன் விளக்குக்கான எச்சரிக்கை. சூடாக இருக்கும்போது தொட்டால் உங்கள் விரல்தான் பாதிக்கப்படும்.

கேள்வி: என் ஆம்பில் டியூப் ஆரஞ்சாக ஜொலிக்கிறது, ஆனால் கழற்றினாலும் வெளிச்சம் போகவில்லை!

சாக்கெட்டின் அடியில் எல்இடி. உங்களுடையது ஹைப்ரிட் ஆம்பாக இருக்க வாய்ப்பு அதிகம்: டியூப் வோல்டேஜைப் பெருக்கும், ஹெட்போனை ஓட்டுவது ஐசியோ மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டரோ. அதில் குறை இல்லை, குறைந்த ஓம் ஹெட்போனுக்கு அதுவே மேல். ஆனால் டியூப் மாற்றினால் தெரியும் வித்தியாசம் அங்கே இன்னும் சின்னது.

கேள்வி: 220 வோல்ட் என்று எழுதிய ஆம்பை 240 வோல்ட் வரும் வீட்டில் ஓட்டுகிறேன். பரவாயில்லையா?

6.3 வோல்ட் ஹீட்டருக்கு அங்கே 6.87 போகும். ஹீட்டருக்கு அனுமதிக்கும் பத்து சதவீத வரம்பின் உச்சி 6.9. எல்லையில் நிற்கிறீர்கள். ஹீட்டர் பின்களில் அளந்து பாருங்கள், 6.9-ஐத் தாண்டினால் டிரான்ஸ்ஃபார்மரின் 240 முனை இருக்கிறதா என்று தேடுங்கள்.

கேள்வி: ஒன்பது பின் டியூபைச் சாய்த்துப் பிடுங்கியதில் ஒரு பின் வளைந்துவிட்டது.

இந்த வகையில் பின் நேராகக் கண்ணாடிக்குள் போகிறது, அதனால் அவசரம் கூடாது. மெல்லிய மூக்கு இடுக்கியால் பின்னின் அடியைப் பிடித்துக்கொண்டு, நுனிப் பக்கத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துங்கள். பிறகு ஒரு லென்ஸ் வைத்துப் பின் கண்ணாடியைத் தொடும் இடத்தில் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். கீறல் இல்லை, உச்சிப் பூச்சும் வெள்ளியாகவே இருக்கிறது என்றால் செருகி ஓட்டலாம். அடுத்த முறை நேர்மேலாக, மிக லேசாக அசைத்து எடுங்கள்.